எபியின் ஏழாயிரம் காலடிகள்

ஜூன் 3, திங்கள்

இடது பக்கம்: காலை இட்லி 3, சாம்பார் ஒரு கரண்டி. பதினொரு மணிக்குச் சர்க்கரை போடாத காபி. மதியம் சாதம் ஒரு கப், அவரைக்காய்ப் பொரியல், மோர். மாலை ஒன்றும் இல்லை. இரவு கோதுமை தோசை 2.

இது வலது பக்கம். டயட்டீஷியன் மேடம் நோட்டை இப்படிப் பிரிக்கச் சொல்லியிருக்கிறார். இடது பக்கத்தில் வாய்க்குள் போனதை எல்லாம் எழுத வேண்டும். வலது பக்கத்தில் அன்றைக்கு மனசில் பட்டதை எழுத வேண்டும். "மனசு சரியில்லாதப்பதான் சார் நாம கண்டதையும் சாப்பிடுறோம். மூணு மாசம் கழிச்சுக் கொண்டாங்க. எனக்கு இடது பக்கம் காட்டினா போதும், வலது பக்கம் உங்களுக்கு" என்றார். வயது முப்பது இருக்கும். நான் எழுதிக் கிழிக்கப் போவதில்லை என்று அந்தப் பெண் நினைப்பது முகத்திலேயே தெரிந்தது. அந்த வீம்புக்காகவே எழுதுகிறேன்.

பூபாலன், வயது நாற்பத்தைந்து, எடை தொண்ணூற்றொன்று, மூன்று மாதச் சர்க்கரை 9.1. மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனியில் கிளெய்ம் பிரிவு. காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் மாலை ஆறரைக்கு எழுந்திருப்பேன். ஊரில் யாருக்கெல்லாம் நெஞ்சு வலித்தது, எந்த ஆஸ்பத்திரியில் என்ன எழுதினார்கள், அதில் எது பொய் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. பதினாறு வருடத்தில் நாற்காலியை மூன்று முறை மாற்றிவிட்டார்கள், என்னை மாற்றவில்லை.

"மாலை ஒன்றும் இல்லை" என்பது பொய். வாழைக்காய் பஜ்ஜி இரண்டு. முதல் நாளே அந்தப் பெண்ணின் மனசைப் புண்படுத்த வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஜூன் 5, புதன்

இடது பக்கம்: கேழ்வரகுக் கூழ். மதியம் சப்பாத்தி 2, சுரைக்காய்க் கூட்டு. என் மனைவி வாசுகிக்குச் சுரைக்காய் மேல் இப்படி ஒரு பிரியம் இருப்பது எனக்கு இத்தனை வருடம் தெரியாது.

எனக்குச் சர்க்கரை என்று கண்டுபிடித்த ஆபீஸ் ரத்தப் பரிசோதனை முகாமில்தான் எபியும் மாட்டிக்கொண்டான். எபினேசர், தெற்கத்தி நாசரேத்துக்காரன், பதினான்கு வருடமாக எனக்கு அடுத்த நாற்காலி. எனக்குச் சர்க்கரை மட்டும்தான். அவனுக்குச் சர்க்கரை, பிரஷர், கொழுப்பு மூன்றும். ஒரே வயது, ஒரே பஜ்ஜிக் கடை, மார்க் மட்டும் அவனுக்கு அதிகம்.

அவன் மனைவி ஹெப்சி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவன் போனில் நடையை எண்ணுகிற ஆப் ஒன்றைப் போட்டு, தன் போனிலும் அது தெரிகிற மாதிரி செய்துவிட்டாளாம். ஒரு நாளைக்கு ஏழாயிரம் ஸ்டெப்ஸ். குறைந்தால் சாயங்காலம் கேள்வி வரும். "வீட்லயும் அட்டண்டன்ஸ் எடுக்கால" என்றான் எபி. நானும் அதே ஆப்பைப் போட்டுக்கொண்டேன். மதியம் இரண்டு பேரும் சேர்ந்து நடப்பதாக ஒப்பந்தம்.

ஜூன் 7, வெள்ளி

மூன்று நாள் நடந்தாயிற்று. ஆபீஸ் கேட்டில் தொடங்கி, டிரான்ஸ்பார்மர், லேத் பட்டறை, பிள்ளையார் கோவில், பஜ்ஜிக் கடை, மறுபடி கேட். கிண்டி எஸ்டேட்டில் மதிய வெயிலில் இந்த ஒரு சுற்று ஆயிரத்துச் சொச்சம் காலடி வருகிறது.

எபி ஒரு சுற்று முடித்ததும் அங்கே நிறுத்தியிருந்த யாருடைய பைக்கிலோ உட்கார்ந்துவிட்டான். சட்டை முழுக்க வியர்வை. "காலு கடுக்குல. நீ போய்ட்டு வா" என்றான். "கல்யாண வீட்டுப் பந்தியில மட்டும் கால் கடுக்காதா?" என்று கேட்டுவிட்டு நான் இரண்டாம் சுற்று போனேன். திரும்பி வரும்போதும் அதே பைக்கில் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

ஜூன் 10, திங்கள்

நேற்று எபி வீட்டில் பெரிய சண்டை. சனிக்கிழமை ஆயிரத்து இருநூறு, ஞாயிறு தொள்ளாயிரம். சர்ச்சுக்குப் போய் வந்த கணக்கு மட்டும்தான். ஹெப்சி அழுதிருக்கிறாள். அவள் அப்பா நாற்பத்தெட்டு வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனவர்.

இன்று காலை சீட்டில் உட்காரும் முன் நான் நடக்கக் கிளம்பும்போது எபி தன் போனை என் சட்டைப் பையில் போட்டான். "நீ எப்படியும் நடக்கப் போற. ரெண்டு போனுக்கும் ஒரே காலுதானல."

சிரித்துக்கொண்டேதான் வாங்கினேன். கூலி பேசினோம்: தினம் நாலு மணிக்கு அவன் செலவில் ஒரு பஜ்ஜி.

ஜூன் 14, வெள்ளி

இடது பக்கம்: எல்லாம் சுரைக்காய்.

காலையில் சீட்டில் உட்காரும் முன் இரண்டு சுற்று, மதியம் மூன்று, டீ நேரத்தில் ஒன்று. எனக்கும் ஏழாயிரம், எபிக்கும் ஏழாயிரம். உண்மையில் அவனுக்கு என்னைவிட அறுநூறு கூட. ஸ்டேஷனிலிருந்து அவன் வருகிற நடை அதில் சேர்ந்துவிடுகிறது.

ஹெப்சி அனுப்பிய மெசேஜை எனக்குக் காட்டினான். "ஸ்தோத்திரம். ஐந்து நாளும் ஏழாயிரம்." பக்கத்தில் கைதட்டும் படம் மூன்று. "வீட்ல அஞ்சு நாளா சத்தமே இல்லல. நல்லா சிரிச்சுப் பேசுதா" என்றான். அவன் முகத்தைப் பார்க்க எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. ஒருத்தன் வீட்டில் நிம்மதி இருந்தால் எனக்கு என்ன நஷ்டம்?

ஜூன் 20, வியாழன்

நாலு மணி பஜ்ஜிக்கு எபி கீழே வரவில்லை. என் கையில் காசைக் கொடுத்து, எனக்கு வாங்கிக்கொள்ளச் சொன்னான். அவனுக்கு வேண்டாமாம், வாயுத் தொல்லையாம். மேஜை இழுப்பறையில் வாயுவுக்குப் போடுகிற இளஞ்சிவப்பு மாத்திரை அட்டை நாலு கிடக்கிறது. பஜ்ஜியை வேண்டாம் என்று எபி சொல்லி இப்போதுதான் கேட்கிறேன். டயட் வேலை செய்கிறது போல.

ஜூன் 25, செவ்வாய்

மதியம் இரண்டாம் சுற்றில் லேத் பட்டறை அருகே எபியின் போன் அடித்தது. ஹெப்சி. இரண்டு முறை அடித்து நின்று மூன்றாம் முறையும் அடித்தது. ஏதாவது அவசரமோ என்று எடுத்துவிட்டேன்.

"அண்ணே, நீங்களா? அவங்க எங்க?"

"முன்னாடி போறான்மா. போனை என்கிட்ட குடுத்துட்டு."

"சும்மாதான் அடிச்சேன். நடக்கும்போது மூச்சு வாங்குதாங்களா அண்ணே? என்கிட்ட கேட்டா ஒண்ணும் இல்லம்பாங்க. நீங்க சொல்லுங்க."

"எனக்குத்தான்மா வாங்குது. அவன் எனக்கு முன்னாடி ஓடுறான்."

அவள் சிரித்தாள். அந்தப் பக்கம் பள்ளிக்கூட மணி அடித்தது. வைத்துவிட்டாள்.

மேலே வந்து எபியிடம் சொன்னேன். மேஜையில் தலை வைத்துப் படுத்திருந்தவன் எழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுத்தில் பொய் பிடிப்பவனுக்கு வாயால் பொய் சொல்வது இத்தனை சுலபமாக வரும் என்று நினைத்ததில்லை. இனிமேல் நான் எடுத்துப் போகும்போது போன் சைலண்டில்தான் இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

ஜூன் 26, புதன்

இடது பக்கம்: காலை ஓட்ஸ் உப்புமா. மதியம் சப்பாத்தி 2, பீர்க்கங்காய். இரவு இட்லி 2.

எபி டப்பாவில் இன்றைக்கு வஞ்சிரம் வறுவல், இரண்டு துண்டு. டாக்டர் சொன்னதிலிருந்து ஹெப்சி எண்ணெய்ச் சட்டியையே எடுத்து வைத்துவிட்டாள் என்று புலம்பிக்கொண்டிருந்தவன் அவன். இன்றைக்கு ஏன் என்று அவனுக்கும் தெரியவில்லை. ஒரு துண்டை என் மூடியில் வைத்தான். மிளகாய்த்தூளும் கறிவேப்பிலையும் மொறுமொறுவென்று ஒட்டியிருந்தன. இடது பக்கத்தில் எழுதவில்லை.

ஜூலை 4, வியாழன்

லிஃப்ட் ரிப்பேர். நாலு மாடி. நான் முன்பெல்லாம் இரண்டாம் மாடியிலேயே செத்துப் பிழைப்பேன், இன்றைக்கு நிற்காமல் ஏறினேன். பெருமையாக இருந்தது. எபி வந்து சேரக் கால் மணி நேரம் ஆயிற்று. ஒவ்வொரு மாடியிலும் நின்று போனைப் பார்க்கிற மாதிரி நின்றானாம், பின்னால் வந்த பெண்கள் சொல்லிச் சிரித்தார்கள்.

இன்று பார்த்த கோப்புகள் இருபத்திரண்டு. அதில் ஒன்று நாற்பத்தேழு வயது ஆள். பத்து நாளாகப் படி ஏறினால் மூச்சு முட்டல், இடது தோளிலும் தாடையிலும் வலி, வாயு என்று நினைத்து மாத்திரை போட்டிருக்கிறார். ஆவணங்கள் சரியாக இருந்தன. பாஸ் செய்தேன்.

ஜூலை 12, வெள்ளி

எபிக்குப் பல்வலி. கீழ்த்தாடையில் வந்து வந்து போகிறதாம். எந்தப் பல் என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஹெப்சியிடம் சொல்லச் சொன்னேன். நாளைக்கு டாக்டரிடம் போகிறார்கள்.

ஜூலை 15, திங்கள்

எபி சிரித்துக்கொண்டே வந்தான். சனிக்கிழமை இருதய டாக்டரிடமே போயிருக்கிறார்கள். ஈசிஜி எடுத்ததில் ஒன்றும் இல்லை. டாக்டர், "நடக்கும்போது நெஞ்சில ஏதாவது அழுத்தம் இருக்கா? எவ்வளவு தூரம் நடப்பீங்க?" என்று கேட்டிருக்கிறார். எபி வாயைத் திறப்பதற்குள் ஹெப்சி தன் போனை எடுத்து நீட்டியிருக்கிறாள். ஐந்து வாரம், வேலை நாள் அத்தனையிலும் ஏழாயிரம். டாக்டர் பார்த்துவிட்டு, "இவ்வளவு நடக்குறவருக்கு வலி வரலைன்னா இப்பப் பயப்பட ஒண்ணும் இல்ல. வாயுதான். டிரெட்மில் டெஸ்ட் ஆகஸ்ட்ல பாத்துக்கலாம்" என்று அனுப்பிவிட்டாராம்.

"உன் காலு எனக்கு சர்ட்டிபிகேட் வாங்கிக் குடுத்துட்டுல" என்றான்.

நான் சிரிக்கவில்லை என்று எழுதத்தான் ஆசை. சிரித்தேன். அப்புறம்தான், "டேய், நீ உண்மையைச் சொல்லியிருக்கணும்டா. இனிமே நீயே நட. இல்லேன்னா நான் ஹெப்சிகிட்ட சொல்லிடுவேன்" என்றேன்.

"அவ அந்தப் போனை நீட்டும்போது அவ முகத்தை நீ பாக்கலல. அப்ப எப்படிச் சொல்லச் சொல்லுத? இந்த மாசம் மட்டும். ஆகஸ்ட்ல டிரெட்மில்ல ஏத்துனா தானா தெரிஞ்சிரும்லா. அப்ப நானே சொல்லுதேன்."

சரி என்றேன். பதினைந்து நாள்தானே.

ஜூலை 22, திங்கள்

எடை 86.4. பெல்ட்டில் புது ஓட்டை போட்டாயிற்று. வாசுகி பழைய சட்டைகளை எடுத்துக் கொடுத்தாள், இரண்டு பொருந்துகின்றன. ஆபீஸில் எல்லோரும் கேட்கிறார்கள். எபிதான் சத்தமாகச் சொன்னான், "அவன் ரெண்டு பேருக்கு நடக்கான், இளைக்காம என்ன செய்வான்?" எல்லோரும் சிரித்தார்கள். யாருக்கும் புரியவில்லை.

ஜூலை 30, செவ்வாய்

எபி இறந்துவிட்டான்.

ஆகஸ்ட் 1, வியாழன்

நேற்று அடக்கம் முடிந்தது. பெட்டிக்குள் அவனுக்குக் கோட் போட்டிருந்தார்கள். பதினான்கு வருடத்தில் அவனைக் கோட்டில் நான் பார்த்ததில்லை. மண் போடச் சொன்னார்கள், போட்டேன்.

ஆபீஸ் பையை நேற்றுதான் பார்த்தேன். எபியின் சாப்பாட்டு டப்பா எப்படியோ என்னிடம் வந்திருக்கிறது. திறக்கவே இல்லை அவன். வாசுகி திறந்து பார்த்தாள். கேழ்வரகு அடையும் முருங்கைக்கீரையும். கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

இடது பக்கத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ஏதோ சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

குரோம்பேட்டையில் எபி வீட்டுக்குப் போனேன். ஆபீஸ் காகிதங்களில் ஹெப்சியின் கையெழுத்து வேண்டியிருந்தது. வீட்டில் அவளும் அவள் அம்மாவும் மட்டும். நாற்காலியில் உட்காரச் சொன்னாள். எபி உட்காருகிற நாற்காலி என்று தெரிந்ததால் பிரம்பு மோடாவில் உட்கார்ந்தேன்.

கையெழுத்தெல்லாம் போட்டாள். பேனாவை மூடினாள். அப்புறம் தலை நிமிராமலே சொன்னாள்.

"நான்தான் அண்ணே கொன்னுட்டேன்."

"என்னம்மா பேசுற?"

"நட நடன்னு தினம் உயிரை எடுத்தேன். நெஞ்சுல அடைப்பு இருக்கிற மனுசனை வெயில்ல ஏழாயிரம் நடக்க வச்சிருக்கேன். கடைசி நாள்கூட பாருங்க." எபியின் போனை எடுத்துக் காட்டினாள். "மதியத்துக்குள்ள ஐயாயிரத்து எழுநூத்தாறு. ஒண்ணு முப்பத்தெட்டு வரைக்கும் நடந்திருக்காங்க. ரெண்டே காலுக்கு ஆஸ்பத்திரியில உயிர் இல்லன்னுட்டாங்க. நடந்து முடிச்சு மேல வந்ததும்தான விழுந்திருக்காங்க? சும்மா உக்காந்திருந்தா இருந்திருப்பாங்கல்லா?"

அவள் அம்மா, "இப்படியேதான் தம்பி பத்து நாளா சொல்லுதா. ஒரு வாய் சாப்பிட மாட்டங்கா" என்றார்.

"அப்படியெல்லாம் இல்லம்மா" என்றேன். அதை மூன்று நான்கு முறை சொன்னேன். காகிதங்களை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 14, புதன்

நடக்கவில்லை.

ஆகஸ்ட் 15, வியாழன்

விடுமுறை. நடக்கவில்லை. சொல்லிவிட்டால் அவளுக்குப் பாரம் இறங்கும். ஆனால் எபியைப் பொய்க்காரன் என்று சொல்ல வேண்டி வரும். இறந்தவனைக் காட்டிக் கொடுப்பதா என்று யோசிக்கிறேன்.

இந்த வரியை மறுபடி படித்தேன். எபியைப் பற்றிய கவலை மாதிரி எழுதியிருக்கிறேன். ஒரு கோப்பில் இப்படி ஒரு விளக்கம் வந்திருந்தால் சிவப்பு மையால் வட்டம் போட்டிருப்பேன்.

ஆகஸ்ட் 24, சனி

அன்றைக்கு நடந்ததை இதுவரை எழுதவில்லை. எழுதுகிறேன்.

ஜூலை 30 மதியம் ஒரு மணிக்கு எபி முகம் வெளுத்திருந்தது. "சாப்பிட்டுட்டுப் போயேன்" என்றான். எப்போதும் அப்படிச் சொல்ல மாட்டான். "நடந்துட்டு வந்து சாப்பிடுறேன், மேடம் அப்படித்தான் சொல்லியிருக்கு" என்றேன். போனைக் கொடுத்தான். வாங்கிச் சைலண்டில் போட்டுப் பைக்குள் வைத்தேன். மூன்றாம் சுற்றில் பிள்ளையார் கோவிலைத் தாண்டும்போது எங்கள் பிரிவுப் பெண் ஒருத்தி எனக்குப் போன் செய்தாள். எபி சார் கீழே விழுந்துட்டார் என்றாள். ஓடினேன். அந்த ஓட்டமும் அவன் கணக்கில்தான் இருக்கிறது.

மதியம் ஒன்றரைக்கு எங்கள் மாடியில் யாரும் இருப்பதில்லை, எல்லோரும் கேண்டீனில். அவன் மேஜையில் ஆஸ்பத்திரிகளுக்குப் பேசுகிற லேண்ட்லைன் இருக்கிறது.

ஆம்புலன்ஸில் போகும்போது எபியின் போனை எடுத்துப் பார்த்தேன். எங்கள் ஆபீஸ் எண்ணிலிருந்து இரண்டு அழைப்புகள். 1.26. 1.29. என் எண் அவனுக்கு மனப்பாடம் இல்லை, யாருக்கு இப்போது யார் எண் மனப்பாடமாக இருக்கிறது? தன் எண் தெரியும். அது யார் பையில் இருக்கிறது என்றும் தெரியும். தன் போனுக்கே அடித்திருக்கிறான்.

ஹெப்சி வருவதற்குள் அந்த இரண்டு வரிகளையும் அழித்துவிட்டேன். அப்புறம்தான் போனை அவள் கையில் கொடுத்தேன்.

வாசுகியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்து கேட்டாள்.

"அந்தப் பொண்ணு தன் புருசனைத் தானே கொன்னதா நெனச்சுச் சாப்பிடாமக் கெடக்கு. நீங்க இங்க உக்காந்து எத்தனை இட்லின்னு எழுதிட்டு இருக்கீங்க" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

செப்டம்பர் 3, செவ்வாய்

டயட்டீஷியன் மேடத்திடம் போக வேண்டிய நாள். மூன்று மாதச் சர்க்கரை 6.7. எடை 84. இடது பக்கத்தைப் புரட்டி, என் போனில் நடைக் கணக்கையும் பார்த்துவிட்டு, ஆகஸ்டில் ஏன் இவ்வளவு வெற்றுப் பக்கம் என்று கேட்டார். ஊருக்குப் போயிருந்தேன் என்றேன்.

"பரவால்ல சார். ஜூன், ஜூலை ரெண்டு மாசம் ஒரு நாள்கூட விடாம நடந்திருக்கீங்க. அதுதான் உங்களைக் காப்பாத்தியிருக்கு. நிறைய பேர் ஒரு வாரத்துல விட்டுடுவாங்க. நீங்க எப்படி விடாம நடந்தீங்க?"

"ஒரு ஃப்ரெண்டுக்காக."

அவர் அதை என் கோப்பில் எழுதிக்கொண்டார். நான் வெளியே வந்து மருந்துக் கடைப் படியில் உட்கார்ந்து அழுதேன். கடைக்காரர் தண்ணீர் கொடுத்தார்.

செப்டம்பர் 8, ஞாயிறு

வாசுகி எபியின் டப்பாவை எடுத்து வந்தாள். வெறும் டப்பாவைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. துக்க வீட்டுக்கு என்ன வைப்பது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. கடைசியில் ஒரு பிடி வறுத்த வேர்க்கடலையைப் போட்டு மூடினாள்.

ஹெப்சி இன்னும் இளைத்திருந்தாள். டப்பாவைக் கையில் வாங்கினாள், மூடியைத் தடவிக்கொண்டே இருந்தாள். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொல்லிவிட்டேன். அவன் நடக்கவில்லை, நடந்தது நான், போன் என் பையில் இருந்தது.

அவள் வகுப்பில் கேட்கிற மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"எந்தத் தேதியிலிருந்து?"

"ஜூன் பத்து."

"அதுக்கு அப்புறம் ஒரு நாளாச்சும் நடந்தாங்களா?"

"இல்லம்மா. முதல் வாரம் மட்டும். ஒரு சுற்று வந்துட்டு உக்காந்துடுவான்."

"ஏன் உக்காந்தாங்க?"

"கால் கடுக்குதுன்னான். வேர்த்துக் கொட்டும்."

"நான் போன் பண்ணுன அன்னைக்கு? முன்னாடி ஓடுறான்னு சொன்னீங்கல்லா?"

"மேல இருந்தான்மா. மேஜையில தலை வச்சுப் படுத்திருந்தான்."

டப்பாவைக் கீழே வைத்தாள்.

"அப்ப நடந்து சாகலை" என்றாள்.

"இல்லம்மா. நீ நடக்க வச்சதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

பாரம் இறங்கியவள் மாதிரி ஒரு நிமிடம் அவள் முகம் தெளிந்தது. நான் பார்த்தேன். அந்த ஒரு நிமிடம்தான். பிறகு அவள் கண் எபியின் போன் இருந்த மேஜைக்குப் போயிற்று.

"டாக்டர் அவங்ககிட்டதான் கேட்டார் அண்ணே. நடந்தா வலிக்குதான்னு. அவங்க வாயைத் திறந்தாங்க. நான்தான் முந்திக்கிட்டுப் போனை நீட்டுனேன்."

"அது உன் தப்பு இல்லம்மா. என் தப்பு."

"சரி. உங்க தப்பு" என்றாள். "அதை வச்சு நான் என்ன செய்ய?"

அந்த இரண்டு அழைப்புகளைப் பற்றியும் சொல்லத்தான் போயிருந்தேன். வாய் வரவில்லை. அதைத் தாங்க அவளுக்கு இனி இடம் இல்லை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அதுவும் எவ்வளவு உண்மை என்று தெரியவில்லை.

அவள் உள்ளே போய் ஒரு நோட்டைக் கொண்டுவந்தாள். பள்ளிக்கூடத்துக் கட்டம் போட்ட நோட்டு.

"தினம் ராத்திரி ஜெபம் முடிச்சு எழுதி வச்சேன். அவங்க எனக்காக நடந்தாங்கன்னு இதைத்தான் தலைமாட்டுல வச்சிருந்தேன். இது அவங்களோடது இல்லையே. நீங்க கொண்டு போங்க."

"இருக்கட்டும்மா, உன்கிட்டயே இருக்கட்டும்."

"கொண்டு போங்கண்ணே."

அப்போதும் அண்ணே என்றுதான் சொன்னாள்.

செப்டம்பர் 9, திங்கள்

லீவு போட்டேன். ஹெப்சியின் நோட்டைப் படித்தேன். அச்சடித்த மாதிரி கையெழுத்து. தேதி, எண், பக்கத்தில் ஒரு வரி.

ஜூன் 10: 7,212. ஆண்டவரே நன்றி. நேற்று திட்டினதுக்கு மன்னிப்புக் கேட்டேன்.

ஜூன் 18: 7,540. நிறைய நடந்ததால் களைப்பு, எட்டரைக்கே தூங்கிட்டாங்க.

ஜூலை 4: 7,090. மூச்சு வாங்குது. புதுசா நடக்கிறவங்களுக்கு அப்படித்தான் இருக்குமாம்.

ஜூலை 13: டாக்டர் பயப்பட ஒன்றும் இல்லை என்றார். என் கணக்கைப் பார்த்து மெச்சினார்.

ஜூலை 30: 5,706. அதற்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை.

ஒவ்வொரு எண்ணும் எனக்கு நினைவிருக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் போனில் தேடினால் அத்தனையும் அறுநூறு குறைவாக அப்படியே இருக்கிறது.

ஜூன் 25-க்கு நேராக இப்படி எழுதியிருந்தாள்: 7,318. பூபாலன் அண்ணன்கிட்டே பேசினேன். அவங்க முன்னாடி ஓடுறாங்களாம். மனசு நிறைஞ்சு போச்சு. பாவம், ஆசைப்பட்டதை எல்லாம் நிறுத்திட்டேன். நாளைக்கு ஒரு நாள் வஞ்சிரம் பொரிச்சுக் கொடுக்கணும். ரெண்டு துண்டு.

என் நோட்டை எடுத்து ஜூன் 26-க்குப் புரட்டினேன். இடது பக்கத்தில் சப்பாத்தி, பீர்க்கங்காய், இரவு இட்லி இரண்டு. பீர்க்கங்காய்க்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. அதில் எழுதினேன்: வஞ்சிரம் வறுவல், ஒரு துண்டு.